இரண்டு நோய்க்கு ஒரே கட்டில்

அரசாங்க ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் வேலை என்பது, டாக்டர் சொன்னதை நோயாளிக்கும் நோயாளி சொன்னதை டாக்டருக்கும் புரியவைத்து, இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவது. தொண்ணூறுகளின் பின்பாதியில் திருவனந்தபுரத்தில் எனக்கு அந்த வேலை. கையில் ஒரு சீட்டோடு அரசாங்க வராந்தாக்களில் அலைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமல்லவா? அப்படியானால் முருகேசனை உங்களுக்குப் பிடிக்கும்.

இரண்டு வாசல்

முருகேசன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார். பக்கத்தில் ஆளே இல்லாதபோதும் அவர் காதில் யாரோ திட்டுவதுபோல் குரல் கேட்கும். அதை அடக்கக் குடிப்பார். மறுநாள் குரல் இன்னும் பலமாகக் கேட்கும். மனைவி செல்வி அவரை மனநலப் பிரிவுக்குக் கூட்டிவந்தாள். "முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும்" என்றார்கள். குடிநோய்ப் பிரிவில், "முதலில் மனசைச் சரிபண்ணிக்கொண்டு வரட்டும்" என்றார்கள்.

இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு முற்றம்; ஒரே வாரத்தில் நாலு தடவை அதைக் கடந்திருப்பார்கள். ஐந்தாவது தடவை நான் மறித்து, என்ன விஷயம் என்று கேட்டேன். செல்வி வாய் திறப்பதற்குள் முருகேசன் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "குடிகாரனை இங்க விட்டுட்டு, கிறுக்கனை மட்டும் அங்க கூட்டிட்டுப் போவணுமாம் மேடம். எப்படிப் போவணும்னு நீங்களாவது சொல்லுங்க."

ஒரு கட்டம்

அந்த மழைக்காலத்தில்தான் சுகாதாரத் துறையிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டும் சேர்ந்து உள்ளவர்களுக்குத் தனி வார்டு, பத்துக் கட்டில், மருந்து இலவசம். எங்கள் டாக்டரம்மா வருஷக்கணக்கில் எழுதிய கடிதங்களுக்குக் கிடைத்த பதில் அது. அன்று அவர் வராந்தாவில் ஓடியதை நான் பார்த்தேன்.

முதல் ஆளாக முருகேசனை அழைத்துப்போனேன். அட்மிஷன் எழுதும் கிளார்க் சுகுமாரன் நாயர் பேனாவை மூடிவிட்டார். படிவத்தில் நோய்க்கு ஒரே ஒரு கட்டம், ஒன்றுதான் எழுதுவாராம். மறுபடியும் முற்றமா என்று செல்வி அழவே ஆரம்பித்துவிட்டாள். சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். "நாயரே, உங்களுக்கு சுகரும் இருக்கு, பிரஷரும் இருக்கு. எதை வீட்டில் வைத்துவிட்டு ஆபீசுக்கு வருகிறீர்கள்?" என்றார்.

நாயர் பேனாவைத் திறந்தார். பிறகு ஸ்கேலை எடுத்து, கட்டத்தின் நடுவில் கோணாமல் ஒரு கோடு போட்டார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எழுதி, சீல் குத்தி, செல்வியிடம் நீட்டினார்: "கரையண்டா மோளே. ரெண்டு பேரும் இனி ஒரே வீட்டிலே தாமசிக்கட்டே." அழாதே மகளே, இரண்டு பேரும் இனி ஒரே வீட்டில் குடியிருக்கட்டும் என்று இரண்டு நோய்களையும் சொன்னார்.

ஓணம் கழிந்து

ஆறு வாரத்தில் முருகேசன் தெளிந்து வீட்டுக்குப் போனார். ஓணத்தன்று கூட வேலைபார்ப்பவர்கள் கூப்பிட்டார்கள், குடித்துவிட்டார். அடுத்த நாள் காலை, பொத்தான் மாறிப் போட்ட சட்டையோடு வார்டு வாசலில் நின்றார். குடித்ததற்காக வார்டுப் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து உள்ளே வரவில்லை. எனக்கும் பயம்தான். ஏனென்றால் அன்று டியூட்டியில் தங்கம்மா சிஸ்டர். டாக்டர்களே அவரைக் கண்டால் செருப்பை ஓசைப்படாமல் வைத்து நடப்பார்கள்.

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டார். ஒருவேளைகூட விடவில்லை என்றார் முருகேசன். சிஸ்டர் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "பெயரை வெட்டணுமா சிஸ்டர்?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தாரே ஒரு பார்வை! "வழுக்கி விழுந்த ஆள் ஆஸ்பத்திரிக்கு வராம பின்னே சினிமாவுக்கா போவும்?"

ஒரு புகார்

அதற்குப் பிறகு முருகேசன் குடிக்கவில்லை. மாதாமாதம் வந்து மருந்து வாங்கிப்போவார். ஒருநாள் செல்வி மட்டும் தனியாக வேகமாக வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. மறுபடியும் குடித்துவிட்டாரோ? கதவைச் சாத்திவிட்டு, "என்ன ஆச்சு, சொல்லு" என்றேன்.

செல்வி நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டாள். அப்புறம் அவளால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா மருந்து குடுத்தீங்க? பத்து வருசமா என்ன வச்சாலும் பேசாமத் தின்ன மனுசன், இப்ப குழம்புல உப்பு பத்தலைங்காரு!"

என் சர்வீஸில் வந்த புகார்களில் நான் எந்த நடவடிக்கையும் எடுக்காமல் சந்தோஷமாகக் கிடப்பில் போட்டது அது ஒன்றைத்தான்.