பேபி வீட்டு மாடியில் வால்நட்சத்திரம்

மதிவதனிக்கு நாற்பத்தாறு வயது. ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் வேலை. பருத்திப்பட்டு ஏரி ஓரம் அடுக்குமாடியில் குடித்தனம். வேலை விட்டு வந்ததும் அக்கம்பக்கத்தில் சீரியல் பார்ப்பார்கள். இவள் டிபன் கேரியர் உயரத்தில் ஒரு ஸ்மார்ட் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அது தானாகத் தலையைத் திருப்பி வானத்தில் இடம் தேடும். பத்து நொடிக்கு ஒரு படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து செல்போனில் காட்டும். வெறும் கண்ணுக்குச் சிக்காத நெபுலா என்கிற விண்மேகமெல்லாம் அதில் சிக்கின. வீட்டில் யாரிடம் காட்டினாலும் "ம், நல்லாருக்கு" என்பார்கள், அதோடு சரி.

அந்தத் தலை திருப்பல்தான் வினையாயிற்று. ஏரிப் பக்கம் எதிர்வீடு பேபியுடையது. மாடியில் துணி காயப்போடும் தன் மகளைத்தான் டெலஸ்கோப் நோட்டம் விடுகிறது என்று பேபி முடிவுகட்டி, அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் சிவராமனிடம் சண்டைக்குப் போனாள். அவருக்கு வம்பு என்றாலே ஆகாது. மதிவதனியிடமிருந்து மாடிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

வந்த வம்பு இந்த வாரமா வரவேண்டும்? மேற்கே ஒரு வால்நட்சத்திரம் பொழுது சாய்ந்ததும் முக்கால் மணி நேரம் தெரிகிறது. இன்னும் நாலே நாள். போனால் இவள் ஆயுசில் திரும்பாது. மதிவதனிக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடித்து, முகம் கழுவி, டெலஸ்கோப்போடு நேரே போய் பேபி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உங்க வீட்டைப் பாக்குதுன்னுதானக்கா சொன்னீங்க? உங்க மாடியிலயே வைக்கிறேன். பக்கத்துல உக்காந்து நீங்களே பாருங்க."

பேபி நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். செல்போனையும் தானே வாங்கிக்கொண்டாள். முதல் படத்தில் ஒன்றுமில்லை. பத்தாவதில் பச்சையாக ஒரு பொட்டு. நாற்பதாவதில் அதற்கு வால் முளைத்தது. பேபி செல்போனை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் பச்சையப்பன் மேலே வந்து விளக்கைப் போட்டார்.

"லைட்ட ஆஃப் பண்ணுய்யா. வாலு வந்துகினு கீது," என்றாள் பேபி.

மறுநாள் அவள் மறுபடியும் சிவராமனிடம் சண்டைக்குப் போனாள். இந்தத் தடவை புகார், அடுக்குமாடி விளக்கு தன் மாடி வானத்தில் விழுகிறது என்பது. மிரண்டுபோனவர் விளக்கை அணைத்து, கேட்காமலே மாடிச் சாவியையும் மதிவதனியிடம் திருப்பித் தந்தார்.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மதிவதனி எதிர்வீட்டுப் படியேறினாள். மேலே இரண்டு நாற்காலி போட்டிருந்தது.