தத்துக்கிளி

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு இது இருபத்தோராம் வருடம். காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது வேலை. முன்பு நான்கு பேர் பேசிக்கொண்டே செய்ததை இப்போது அவள் ஒருத்தியே செய்கிறாள். இயந்திரச் சத்தத்தில் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை.

வீட்டில் அவளுக்குப் பெயர் தத்துக்கிளி. சின்ன வயதில் வெட்டுக்கிளி போல ஓரிடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்ததால் வந்த செல்லப்பெயர் என்றே நினைத்திருந்தாள். நாற்பத்தேழு வயதிலும் அப்பா தொலைபேசியில் அப்படித்தான் கூப்பிடுவார். அம்மா போய் மூன்று வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். வீட்டை ஒழிக்கையில் அலமாரியின் அடித்தட்டில் ஒரு துணிப்பை அகப்பட்டது. உள்ளே அவளுடைய தத்துப் பத்திரம்.

தரையில் உட்கார்ந்து மூன்று முறை படித்தாள். தத்தெடுத்த சேதியைவிடப் பெயர்தான் அவளைக் குடைந்தது. தினமும் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தன் காதில்தான் விழவில்லை. மறுநாள் நூலகத்தில் அகராதியைப் புரட்டினாள். தத்து என்றால் தாவுதல் என்றிருந்தது, சுவீகாரம் என்றிருந்தது, ஆபத்து என்றும் இருந்தது.

கேட்பதற்கு மிஞ்சியிருந்தவர் சித்தப்பா மட்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருந்து மாறிப் போனாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. ஒன்றரை வயதில் அவளைக் கொண்டுவந்த அன்று வீடு நிறைய ஆட்களாம். யார் தூக்கினாலும் தங்காமல் அடுத்தவர் கைக்குத் தாவிக்கொண்டே இருந்தாளாம்.

"உங்கம்மா கைக்கு வந்ததும் தூங்கிட்ட. அவங்கதான் முதல்ல தத்துக்கிளின்னாங்க. வேற அர்த்தம் வந்துடும், வேணாம்னு அண்ணன் தலைபாடா அடிச்சிக்கிட்டாரு. அண்ணி கேக்கல."

அந்த அப்பாதான் கடைசிவரை அந்தப் பெயரை விடாமல் கூப்பிட்டவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன் சித்தப்பா என்கிட்ட யாரும் சொல்லல?"

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே இருந்தாங்கம்மா."

புறப்படும்போது அவளுடைய எண்ணைக் குறித்துக்கொள்ள அவர் கைபேசியை எடுத்தார். இத்தனை நாளும் சேதியெல்லாம் அண்ணன் மூலமாகவே போய் வந்திருந்தது.

"உன் நெஜப் பேரு என்னம்மா? மறந்தே போச்சு."

தத்துக்கிளி என்றே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அது அம்மாவும் அப்பாவும் கூப்பிட்ட பெயர். மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ள பெயரைச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அழுத்தி முடித்து, சரியா என்று உரக்கப் படித்துக் காட்டினார்.

சரிதான் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.