சமையல் மேடையில் ஒரு கடல்

பார்லர் அக்காவுக்கு நாள் முழுக்கக் காதுக்குத்தான் வேலை. கை பாட்டுக்கு முடி வெட்டும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மருமகளில் ஆரம்பித்து மாடி வீட்டுக்காரர் வரை ஒருவரையும் விடாமல் பேசித் தீர்ப்பார். வீடு திரும்பினால் கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், பாதியில் நின்ற லிஃப்டுக்குள் யார் யார் எப்படி அலறினார்கள் என்பதை நடித்தே காட்டுவார். வாயே திறக்காத உயிர் ஏதாவது வீட்டில் இருந்தால் தேவலை என்று அக்கா தேடியதில் அமைந்ததுதான் கடல்நீர்த் தொட்டி.

இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி, சமையல் மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. வடிகட்டிய தண்ணீரில் கடல் உப்புப் பொடியைக் கலந்து, மணல் பரப்பி, கடைக்காரர் ஈரத்தோடு சுற்றிக் கொடுத்த பாறைகளை அடுக்கினார். பாறையில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யுமாம். அவை பெருகும்வரை மீன் பேச்சையே எடுக்கக் கூடாதாம். ஆக, வாரக்கணக்கில் அக்கா கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு இன்னைக்கு சாப்பிட்டுச்சா?" என்று கணவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் கேட்டார்.

"உங்களைவிட அது பரவாயில்ல. சாக்ஸ் எங்கன்னு கேக்கல."

பழுப்புப் பாசி வந்தது, போனது. பிறகு சட்டைப் பொத்தான் அளவில் பவளங்கள் குடியேறி, விளக்கு போட்டதும் பூப்போல விரிந்தன. ஆனால் சின்னத் தொட்டிக்குச் சீக்கிரம் கோபம் வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் தினமும் காலையில், குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு சொட்டு எடுத்து உப்பு அளக்கும் கருவியில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார்.

அப்படியிருக்கையில்தான் அந்தச் சத்தம். 'டக்!'

யாரோ சொடக்குப் போட்ட மாதிரி இருந்தது. "தொட்டி விரிசல் விடுது" என்றார் கணவர். மூலைகளைத் தடவினால் பொட்டு ஈரமில்லை. உடனே அவருக்குத் தொழில் புத்தி கிளம்பிவிட்டது. அடுப்பின் பொத்தான்களைக் கழற்றினார். சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். ஃபிரிட்ஜை நடுக் கூடத்துக்கு இழுத்து வந்து பின்பக்கத்தைப் பிரித்துப் போட்டார். பிரிக்கும்போது கப்சிப், திருகாணியை முடுக்கி நிமிர்ந்தால் 'டக்!'

இந்த நேரம் பார்த்துத்தான் பல் வைத்தியத்துக்காக நாத்தனார் வந்து சேர்ந்தார். கணவருக்கு மூத்தவர், வாஞ்சை அதிகம், சும்மா இருக்கத் தெரியாது. அக்கா பார்லரிலிருந்து திரும்பிய ஒரு சாயங்காலம், வாசலிலேயே பெருமையாகச் சொன்னார்:

"ஏம்மா, தண்ணி இறங்கிக் கெடந்துச்சு. நானே உப்பைக் கரைச்சு ஊத்திட்டேன். கடல் தண்ணிதானே? உப்பு விஷயத்துல என் கைய யாரும் குறை சொன்னதில்ல."

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அளந்தார். உப்பு எங்கேயோ போய் நின்றது. பவளங்கள் மொத்தமும் சுருண்டு கிடந்தன. அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொங்கிய துவாலையிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

நாத்தனாரின் முகம் வெளுத்திருந்தது. "கொன்னுட்டேனா?"

"இல்ல அண்ணி. கொஞ்சங் கொஞ்சமா உப்பைக் குறைச்சிடலாம். ஒரேயடியா மாத்தினாத்தான் தாங்காது."

தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுப்பதும், உப்புக் குறைவான தண்ணீரை மெல்ல விடுவதுமாக நாட்கள் போயின. அப்படி எடுக்கும்போது ஒருநாள் தண்ணீர் உறிஞ்சும் குழாய் பாறைக்குப் பின்னால் சிக்கிக்கொள்ள, கணவர் கையைவிட்டுப் பாறையைத் தூக்கினார். 'டக்!' கையை உதறிக்கொண்டு துள்ளினார்.

"உள்ள எவனோ ரவுடி இருக்கான்!"

ஓர் இறால். சுண்டுவிரல்கூடத் தேறாது, ஒரு கொடுக்கு மட்டும் இன்னொன்றைவிடப் பெரிது. கைபேசியில் எடுத்துக் காட்டிய படத்தைப் பார்த்துக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாறைக்குள்ள ஒளிஞ்சு ஓசியில வந்திருக்கு. கொடுக்கைப் படக்குனு மூடும், அந்தச் சத்தம்தான். கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது. பிடிச்சுக் கொண்டாங்க, நான் வச்சுக்கறேன். இல்லன்னா கூடவே கோபின்னு ஒரு சின்ன மீன் விடுங்க. இந்த இறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. இது வளை தோண்டும், அந்த மீன் வாசல்ல காவல் நிக்கும்."

"அடிச்சவனுக்கு ஆள் வேற வைக்கணுமா?" என்றார் கணவர், விரலை நீவிக்கொண்டே.

"கண்ணு தெரியாத ஜீவனை வெளிய அனுப்புவியாடா?" என்று நாத்தனார் ஒரு போடு போட்டார். அத்தோடு விவாதம் முடிந்தது.

பவளங்களில் இரண்டு பிழைக்கவில்லை. மற்றவை ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. உப்பு பழைய அளவுக்கு இறங்கியபின் மஞ்சள் கோபி வந்தது. குதித்துவிடக் கூடாதென்று தொட்டிக்கு வலை மூடியும் போட்டாயிற்று. ஆனால் மீன் பாறைப் பக்கமே போகாமல் ஹீட்டருக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு கிடந்தது. வைத்தியம் முடிந்தும் நாத்தனார் ஊருக்குக் கிளம்பவில்லை. "இதுங்க ரெண்டும் சேரட்டும், பார்த்துட்டுப் போறேன்" என்றார்.

ஒரு காலை, மூவரும் வாயில் பற்பசை நுரையோடு தொட்டி முன்னால் நின்றார்கள். வளை வாசலில் மீன். உள்ளிருந்து இறால் புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளிக்கொண்டு வந்தது. அதன் நீண்ட மீசை ஒன்று மீனின் வாலைத் தொட்டபடியே இருந்தது. கணவர் மூச்சுக்கூட விடவில்லை.

நாத்தனார் தும்மினார். மீன் வாலை ஒரு வெட்டு வெட்ட, இரண்டும் கண்ணிமைப்பதற்குள் உள்ளே போய்விட்டன.

"நான் வேணும்னு தும்மலடா!"

"சரி, இனிமே தள்ளி நின்னு தும்மு" என்றார் தம்பி, கண்ணாடியில் தெறித்த நுரையைத் துடைத்துக்கொண்டே.