ஒரே பக்கத்தில் இரண்டு

ரெம்பாங் கடற்கரையில் பாதிப் பிள்ளைகள் சுமியெம் எண்ணெய் தேய்த்துவிட்டு வளர்ந்தவர்கள். சுளுக்கா, சளியா, ஓயாத அழுகையா, அவளைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று ஊர் சொல்லிச் சொல்லி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

தங்கை லஸ்மினியின் கைக்குழந்தையைத் தேய்த்தபோது அந்தக் கை முதல்முறையாகத் தடுமாறியது. விதைப்பையின் வலப்பக்கம் காலி. இடப்பக்கம் இரண்டு விதைகள், அழுதால் புடைக்கும் வீக்கம் வேறு.

"நர்ஸம்மா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாங்கக்கா."

"அவ கெடக்கா. ஆம்பளப் பிள்ளைக்கு அந்த எடத்துல கத்தி வைக்கவா? குடல் எறக்கம்டி. வழிதப்பி வந்தத நானே வீடு சேத்துடறேன்."

தாயில்லாமல் அக்கா கையில் வளர்ந்தவள் லஸ்மினி. பிள்ளையை அக்கா மடியிலேயே கிடத்தினாள்.

புடைத்த தொப்புளின்மேல் காசு வைத்து நாடாத்துணியால் இறுகக் கட்டுவது அங்கே வழக்கம். சுமியெம் அதையே தொடையிடுக்கில் செய்தாள். காலைதோறும் ஒரு விதையை வலப்பக்கம் தள்ளித் தள்ளி உருவிவிட்டுக் கட்டினாள். பிள்ளை வீரிட்டான்.

"நல்லா கத்துடா, கடலுக்குப் போறவனுக்குத் தொண்டை வேணும்ல," என்று சிரித்தாள். தள்ளியது ஒவ்வொரு நாளும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. தெரியவில்லை என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் கட்டை அவிழ்த்தால் வீக்கம் கல்லாக இறுகிச் சிவந்திருந்தது. பிள்ளை பச்சையாக வாந்தியெடுத்தான். மீன் வண்டியில் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அறுவை முடிந்து டாக்டர் வெளியே வந்தார். "ரெண்டு விதையும் ஒரே பக்கமா எறங்கியிருக்கு. பிறவிக் கோளாறு, ரொம்ப அபூர்வம். அதுக்கு யாரும் பொறுப்பில்ல. எறங்கிச் சிக்கியிருந்த குடலச் சரிபண்ணிட்டோம், ஒரு விதையையும் காப்பாத்திட்டோம். இன்னொண்ணு நசுங்கிச் செத்துப்போச்சு, எடுத்துட்டோம். இப்படி இறுக்கிக் கட்டினது யாரு?"



"நான்தான் டாக்டர்," என்றாள் லஸ்மினி.

இல்லை, நான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். டாக்டர் தங்கையைத் திட்டித் தீர்க்கும்வரை சுமியெம் பக்கத்திலேயே நின்றாள், சொல்லவில்லை.

குழந்தை தேறி வந்ததற்கு லஸ்மினி வீட்டில் படையல் சோறு போட்டார்கள். சுமியெம் போனாள். வழக்கம்போல் குழந்தையை வாங்கக் கை நீட்டினாள்.

லஸ்மினி அந்தக் கையில் சோற்றுத் தட்டை வைத்தாள். "அவன் தூங்கறான்க்கா. நீ சாப்பிடு."

லஸ்மினியின் தோளில் கிடந்த குழந்தை கண்ணை அகல விழித்துப் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.