அறுபத்தெட்டு சதவீதம்

சிஸ்டரம்மா குச்சியில் பஞ்சைச் சுற்றி, லேப்டாப்பின் காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் கவனித்துக்கொள்கிறவள். எதையும் முதலில் துடைத்துவிட்டுத்தான் யோசிப்பாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு இணையத்தில் தேர்வு. தேறினால் மேற்பார்வையாளர் வேலை. இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷம் ஆட்களைத் தூக்கிப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவள் இடுப்பு இரண்டு மாதம்கூடத் தாங்காது. போனில் எழுத முடியாது, லேப்டாப்தான் வேண்டும் என்று நிறுவனம் கறாராகச் சொல்லிவிட்டது.

நாத்தனார் தன் தையல் கடையில் ஓரங்கட்டியிருந்த பழையதைக் கொடுத்தாள். அதன் பெரிய பேட்டரி உப்பிப்போனதால் எப்போதோ கழற்றியாயிற்று; சார்ஜர் வயரில்தான் உயிர். பழைய சிஸ்டத்தில் தேர்வுப் பக்கம் திறக்கவில்லை என்று, புதியதைப் பென் டிரைவிலிருந்து ஏற்றினார்கள். காலையிலிருந்து மூன்று முறை. மூன்று முறையும் அறுபத்தெட்டு சதவீதத்தில் நின்று, மென்பொருளின் சான்றிதழ் செல்லாது என்றது திரை.

"ஓசில இறக்கினதுக்குச் சான்றிதழ் வேறயா? இது தேறாத கேஸ் அண்ணி, விட்டுடுங்க."

"கேஸ் தேறுமா தேறாதான்னு நான் சொல்றேன். நீ போய் காஜா எடு."

நோயாளிக்கு எழுதுவதுபோல லேப்டாப்புக்கும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். எத்தனை மணிக்கு என்ன செய்தது, திரையில் என்ன தெரிந்தது. நினைத்ததை எழுதக் கூடாது, கண்டதை எழுது என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். அதனால் திரை மூலையில் தெரிந்த தேதியையும் நேரத்தையும் அப்படியே குறித்திருந்தாள். இப்போது விரல் வைத்துப் படித்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. சுவர்க் கடிகாரத்துல பத்தே கால், பன்னெண்டு, ரெண்டு. இதுல மூணு தடவையும் ஜனவரி ஒண்ணு, அதே பன்னெண்டரை. அதுவும் பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின ஜனவரி."

"அதனால?"

"இந்த வருஷம் கொடுத்த சான்றிதழ் அதோட கணக்குல இன்னும் பொறக்கவே இல்லடி. செல்லாதுன்னுதான சொல்லும்."

லேப்டாப்பைப் போட்டு, கடிகாரம் இருக்கும் அமைப்புத் திரையைத் தேடிப் பிடித்து, அன்றைய தேதியைப் பதித்தாள். வயரைப் பிடுங்கினாள். பத்து நிமிஷம் கழித்துச் செருகிப் பார்த்தால் பழையபடி ஜனவரி ஒன்று.

"வயரை ஏன் பிடுங்கினீங்க?"

"சூடா இருந்துச்சு. கொஞ்ச நேரம் ரெஸ்ட் வேணாமா?"

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்தான்."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உள்ள கடிகாரத்துக்குன்னு ஒரு பொத்தான் பேட்டரி இருக்கு. அது செத்து நாளாச்சு. கடைல ஓடினப்ப இதைப் பிடுங்கவே மாட்டோம். பிடுங்கினா எல்லாம் மறந்துடும்."

"இதைக் காலைலயே சொல்றதுக்கு என்ன கேடு?"

"ரெஸ்ட் கொடுத்தே கொல்லுவீங்கன்னு யாரு கண்டா?"

சிஸ்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேதியை மறுபடி பதித்தாள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைக் கிழித்து, பிளக்கையும் சுவிட்சையும் சேர்த்து ஒட்டினாள். நான்காம் முறை ஆரம்பித்தது. அறுபது வரை இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். அறுபத்தைந்து. அறுபத்தெட்டு. நகரவில்லை. சிஸ்டரம்மா பழக்கதோஷத்தில் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

அறுபத்தொன்பது.

"கையை விடுங்க அண்ணி, எனக்கு நாடி நல்லாதான் இருக்கு."

"ஒண்ணும் நல்லா இல்ல, குதிரை மாதிரி ஓடுது" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எண்பது, தொண்ணூறு என்று ஏறி, வெளிச்சம் மங்குவதற்குள் லேப்டாப் அவள் பெயரைக் கேட்டது. தேர்வுப் பக்கமும் திறந்தது.

மறுநாள் எட்டரைக்கே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தாள். எண்பது கேள்விகள். ஐம்பது நிமிஷத்தில் முடித்து, சரிபார்த்து, அனுப்பினாள். தேர்ச்சி என்று வந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, உட்கார்ந்தபடியே நிறுவனத்துக்குப் போன் போட்டாள்.

"நான் தேறிட்டேன். தூக்கற வேலைப் பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்துடுங்க. இல்ல, அடுத்த மாசம் இல்ல, இப்பவே. நான் லைன்லதான் இருக்கேன்."