யெஸ் அமுக்கினால் தெலுங்கு வரும்

எங்கள் கடை கீபோர்டுகளில் எப்போதும் சந்தன வாசனை அடிக்கும்... மலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி இறங்குகிறவர்கள், திருப்பதி பஸ் வருவதற்குள் மெயில் பார்க்க நுழைவார்கள். தலையைத் தடவிய விரலாலேயே தட்டுவார்கள். ஸ்பேஸ் பார் மஞ்சளாகவே இருக்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்க வருஷங்கள். திருத்தணி ஸ்டேஷன் பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். அதற்கு முன் அதே இடத்தில் எஸ்.டி.டி. பூத். எது ஓடுகிறதோ அதை விற்கிறவன் நான்.

ஆந்திர எல்லை தாண்டி, நகரியிலிருந்து கிருஷ்ணம நாயுடு வருவார். மாங்காய் வியாபாரி. தெலுங்கு பேப்பர் படிக்காமல் அவருக்குப் பொழுது நகராது. அப்போதெல்லாம் தெலுங்கு எழுத்து தானாகத் தெரியாது, கட்டம் கட்டமாக வரும். அதைக் காட்ட பிளகின் என்று ஒரு குட்டி சாஃப்ட்வேர் இறங்க வேண்டும். இறக்கவா என்று பிரௌசர் கேட்கும்.

யெஸ் அமுக்கினால் தெலுங்கு வரும்.

எல்லைப்பக்கத்து ஆட்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் எது வந்து கேட்டாலும் யெஸ்தான்.

அமுக்கத் தயங்குகிறவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். "அண்ணா, இன்னாவோ கேட்டுகினே இருக்குது, வந்து பாருங்க." எழுந்து எழுந்து போய் அலுத்தது. கேட்காமலே எல்லாம் இறங்கும்படி செட்டிங்கை மாற்றினேன். கஸ்டமருக்கு வசதி, எனக்கும் வசதி. கடையும் நிறைந்தது.

பிளகினோடு வேறு சரக்கும் இறங்கிக்கொண்டிருந்தது...

பிளஸ் டூ ரிசல்ட் அன்று வரிசை தெருவரை நின்றது. மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் சாம்பு ஐயர், மகளோடு வந்தார். காலியான கம்ப்யூட்டரில் உட்கார வைத்தேன். அந்தப் பெண் நம்பரை அடித்ததும் ரிசல்ட் வரவில்லை. அரைகுறை ஆடையில் ஒருத்தி வந்தாள். மூடினால் இன்னொருத்தி.

பெண் தலை குனிந்துகொண்டாள்.

"என்னய்யா இது? கொழந்தையக் கூட்டிண்டு வந்திருக்கேன்..."

பக்கத்து சீட்டிலிருந்து நாயுடு எழுந்தே விட்டார். "சாமி, நான் பேப்பருக்குத்தான் யெஸ் போட்டேன். இந்தம்மா யாருன்னே தெரியாது!"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். பின்னால் நின்ற இரண்டு அப்பாக்கள் தங்கள் பெண்களைப் பார்த்தார்கள். கோயில் ஊர் இது. சாயங்காலத்துக்குள் பேச்சு மலை ஏறிவிட்டால், அப்புறம் எந்தப் பெண்ணும் என் கடைக்கு வரமாட்டாள்.

"சாமி, ஒரு நிமிஷம் இருங்க" என்று போய் மறித்தேன்.

கல்லா மேல் என் கணக்குக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கஸ்டமர் யாரையும் அதில் உட்கார விட்டதில்லை. அதில் கேட்காமல் எதுவும் இறங்காது. மானிட்டரைத் தெருப்பக்கம் திருப்பினேன்.

"இதுல வராதா?"

"வராது சாமி. இத்த என்னைத் தவிர யாரும் தொட்டதில்ல."

"தீட்டுப் படாம மடியா இருக்குன்னு சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

ரிசல்ட் வந்தது. பாஸ். அத்தனை பேரும் பார்க்க, அத்தனை பேர் ரிசல்ட்டையும் அந்த ஒரு கம்ப்யூட்டரிலேயே எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளே எல்லாவற்றையும் அழித்து, புதிதாக ஏற்றி, செட்டிங்கை இறுக்கினேன். தெலுங்குக்கு மட்டும் ஒரு கம்ப்யூட்டரை மூலையில் திறந்து விட்டேன். அதை வாராவாரம் ஃபார்மேட் செய்வேன்.

"ஏம்பா, என்னை மட்டும் தள்ளி வெச்சுட்ட? தீட்டா?" என்றார் நாயுடு.

"உங்களுக்கு இல்ல நாயுடு, பொட்டிக்கு."

ஐயர் என்ன நினைத்தாரோ தெரியாது. கவுன்சிலிங் விவரம் பார்க்க அந்தப் பெண் வந்தாள். தனியாக வந்தாள். பிழைத்தோம் என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

இப்போது அந்த பிளகின் எதுவும் இல்லை. தெலுங்கு தானாக வருகிறது, பிரௌசர் தானே அப்டேட் ஆகிக்கொள்கிறது. நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஃபோனில் ஏதாவது கோளாறு என்றால், நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள் என்கிறது கம்பெனி.

அன்று கோபித்துக்கொண்டு இறங்கிப் போக ஒரு கடைப்படி இருந்தது... ஓடிவந்து மறிக்க, கடைக்காரன் ஒருத்தனும் இருந்தான்.