ஒரே லயத்தை இரண்டு முறை எண்ணிய கதை

எனக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். போடிமெட்டுக்குப் பக்கத்து ஏலத்தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான ஒரு லயத்து வீட்டில் பிறந்தவள். மலையைப் பற்றி யார் எது எழுதினாலும், "இவங்களுக்கு என்ன தெரியும்?" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் வாசிக்கவே ஆரம்பிப்பேன். அந்தத் திமிரை இரண்டு பெண்கள் இறக்கிவைத்தார்கள். இருவரையும் நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை.

என் வேலை எங்கள் வீட்டிலேயே யாருக்கும் விளங்காது. "ஆராய்ச்சியா பண்ணுத?" என்று அம்மா கேட்பார்.

"இல்லம்மா, மத்தவங்க பண்ணுன ஆராய்ச்சிய வாசிக்கேன்."

"அடி ஆத்தீ, வாசிக்கதுக்குச் சம்பளமா!"

உண்மையில் அவ்வளவுதான். ஒரு மருத்துவக் கேள்விக்கு அங்கங்கே யார் யாரோ செய்த ஆய்வுகளை ஒன்றுவிடாமல் தேட வேண்டும். தேறாததைத் தள்ளி, தேறியதைச் சேர்த்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். ஒரு கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாக வாசிப்போம். ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே இடிக்கிறது என்று பேசுவோம். என்னோடு வாசித்தவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்த பெண்மணி. போனில் மட்டுமே பழக்கம்.

அந்த முறை கேள்வி இதுதான்: சுகாதார ஊழியர் ஒருவர் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குப் போய்ப் பிரஷர் பார்த்து, மாத்திரை போட்டார்களா என்று விசாரித்துவந்தால் பிரஷர் குறைகிறதா? எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் அந்த வேலையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கப்போகிறார்கள். எங்கள் தோட்டத்தில் என் அக்கா பார்த்தது அதே வேலை. அத்தானுக்கு முதுகு போனதிலிருந்து அவளுடைய அந்த ஒப்பந்தக் கரார் வேலையில்தான் குடும்பம் ஓடியது. இதை நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எல்லா ஆய்வுகளையும் சேர்த்தால் கடைசியில் ஒரு படம் வரும். நடுவே, பலனே இல்லை என்பதைக் குறிக்கும் ஒரு செங்குத்துக்கோடு. அடியில் எல்லாவற்றின் மொத்தமாக ஒரு சிறிய சாய்சதுரம். அது கோட்டைத் தொடாமல் தள்ளி நின்றால் பலன் இருக்கிறது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். தொட்டுவிட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் படத்தில் அது தொடாமல் நின்றது. நான் தனியாக அறைக்குள் ஒரு ஆட்டம் போட்டேன், அந்தோணியார் சாட்சி.

மறுநாள் காலை அவர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. இடுக்கிக் கட்டுரை ரெண்டும் ஒரே ஆளுங்களப் பத்துனதோன்னு சந்தேகமா இருக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. கட்டுரைகளில் தோட்டத்தின் பெயர் இல்லை. ஆனால் ஒன்றில் கோயில் மேடும் மற்றதில் பள்ளிக்கூடத்துச் சரிவும் வந்தன. முதலாவது எங்கள் மேல் டிவிஷன், இரண்டாவது கீழ் டிவிஷன் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தவள் நான். ஒரே தோட்டம்தான் என்றாலும் எங்களுக்கு அவை இரண்டு ஊர். தனித்தனிக் கோயில், தனித்தனிப் பந்து டீம். மேலே இருந்து கீழே பெண் கொடுத்தால் 'அசலூர்ல கட்டிக்கொடுத்துட்டோம்' என்போம். 'இவை வெவ்வேறு மக்கள், எனக்கு நேரில் தெரியும்' என்று குறிப்பே எழுதிவைத்திருந்தேன்.

"நான் பொறந்த எடம்ங்க அது!" என்று சீறினேன்.

"எனக்கு அந்த ஊரே தெரியாதுங்க. அதனால டேபிளைத்தான் பாத்தேன். சேந்தவங்க எண்ணிக்கை, சராசரி வயசு, எத்தனை பேரு வெத்தலை போடுறாங்கங்கிறது வரைக்கும் ரெண்டுலயும் ஒண்ணாவே இருக்குதுங்க."

திறந்து பார்த்தேன். அச்சு அசலாக ஒன்றுதான். ஒரே ஆட்களை இரண்டு முறை எண்ணி, சான்றை இரட்டிப்பாகக் காட்டியிருந்தோம். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி," என்றாள். "ரெண்டு டிவிஷன்லயும் நான்தானே பிரஷர் பாத்தேன், எல்லாரும் ஒரே கணக்குலதான் வருவாங்க. மொதல்ல ஆறு மாசத்துல வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. பெறகு ஒரு வருசத்துல அதே ஆளுகளத்தான் மறுபடி பாத்தோம்."

"ஒண்ண எடுத்துட்டா ஒன் வேலைக்கு ஆபத்துக்கா."

உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள்.

"மாத்திரை போடாதவ போட்டேன்னு எங்கிட்டப் பொய் சொன்னா எனக்கு எம்புட்டுக் கோவம் வரும்? நீ அதையா செய்யப்போற? எடுத்துருட்டி."

அழுதேவிட்டேன். வெங்காயத்தின்மேல் பழி போடக்கூட வழியில்லை, நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சித்தூர்க்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், "அக்கா வேலையைப் பத்தி மொதல்லயே எழுதிக் குடுத்திருக்கோணுமுங்க. பரவால்லைங்க, இப்ப எழுதீரலாம்," என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தப் பகுதியிலிருந்து நான் விலகிக்கொள்ள, வேறொருவர் வந்தார். ஆய்வு செய்தவர்களுக்கு மடல் போட்டு, அவர்கள் வாயாலேயே அது ஒரே மக்கள்தான் என்று உறுதிசெய்தபின் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சாய்சதுரம் நகர்ந்து கோட்டைத் தொட்டது. 'பலன் இல்லை என்று பொருளல்ல. உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை' என்று கவனமாகத்தான் எழுதினோம். இருந்தும் கரார் புதுப்பிக்கப்படவில்லை. அக்கா இப்போது குமுளியில் ஒரு கடையில் ஏலக்காய் பொறுக்குகிறாள். அவளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமில்லை. அந்த நிம்மதியை எனக்குத் தந்தவர்கள் அவளும் சித்தூர்க்காரரும்தான்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் அக்காவின் பெயரைச் சேர்க்கச் சொல்லி நின்றேன். முதலில் சரியென்றது சித்தூர்க்காரர்தான். அச்சானதும் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பக்கத்தைப் புரட்டிப் பின்னாலும் பார்த்தாள்.

"ஒரு தடவதானேட்டி போட்டிருக்க?" என்றாள். "ரெண்டு தடவ எண்ணிறலியே?"